ஈ உட்கார்ந்த இடம்

கரண்ட் போனது நல்லதுக்குத்தான். இன்னும் ஒரு நிமிஷம் இருந்திருந்தால் நான் எழுந்து நின்றிருப்பேன். பாதி எழுந்தும்விட்டேன். மடியிலிருந்த கைப்பை நழுவி விழுந்தது, எடுக்கக் குனிந்தேன், அதற்குள் தலைக்கு மேல் மின்விசிறிகள் சோர்ந்து நின்றன, மேடையில் பேசிக்கொண்டிருந்த இளங்கண்ணனின் குரல் ஹால் முழுக்க இருந்தது போய் அவன் வாயளவுக்குச் சுருங்கிவிட்டது. "ஒரே நிமிசங்க, ஜெனரேட்டர் போட்டுருவாங்க" என்கிறான். பக்கத்தில் அமலி என் முழங்கையைக் கிள்ளுகிறாள். எனக்குத் தங்கை, ஆனால் கிள்ளுவது மட்டும் அம்மா மாதிரி. "ஏங்க்கா உக்காந்துட்ட? எந்திரிச்சது எந்திரிச்ச, சொல்லிப்போட்டு உக்கார வேண்டியதுதான?" கரண்ட் இல்லையே என்கிறேன். "உனக்கென்ன கரண்ட்லயா வாய் ஓடுது?" நெஞ்சு அடிப்பது ரவிக்கைக்கு வெளியே தெரிகிறதோ என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்கிறேன். பயம் என்று சொல்ல முடியாது, இது வேறு, கிறிஸ்துமஸுக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டு தெருவில் இறங்கும் முன் வாசலில் நிற்பதுபோல் ஒன்று, அறுபத்தெட்டு வயதில் இதை வைத்துக்கொண்டு எங்கே போவது. சுவரைப் பார்க்கிறேன். ஜன்னல் வெளிச்சம் போதுமானதாக இருக்கிறது. சுவர் முழுக்க என் படங்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கல்யாண மண்டபத்தின் மாடியில், போன வாரம் யாரோ கட்டிய மாவிலைத் தோரணம் காய்ந்து தொங்கும் ஹாலில், கோயமுத்தூரின் பழைய எலக்ட்ரானிக்ஸ் ஆர்வலர்கள் கூடி, 'மின்துணைவன்' என்ற மாதப் பத்திரிகையில் ஒரு காலத்தில் வந்த நகைச்சுவைப் படங்களைக் கதவு உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சீட்டு. ஓவியர்: பெயர் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் கீழே அதே சீட்டு. பிலோமினா என்று எழுந்து சொல்ல வேண்டும், அவ்வளவுதான், நாலெழுத்து. சொன்னால் நம்புவார்களா என்பதுதான் கேள்வி. நம்பவைக்க என்னிடம் இருந்தது ஒரே ஒரு அத்தாட்சி. அதை இந்தப் பையன் இளங்கண்ணன் இரண்டு மாதம் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் துடைத்துவிட்டான்.

அவன் மேல் தப்பில்லை. பெருமையாகத்தான் சொன்னான், கரண்ட் போவதற்குக் கொஞ்சம் முன்னால்: "பழைய பேப்பர்ங்க, எல்லாப் படத்துலயும் ஒரு கருப்புப் புள்ளி, அச்சு மை தெறிச்சது. ஒண்ணு விடாம க்ளீன் பண்ணிட்டோம்." கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கை தட்டிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது, தட்டிய கை அப்படியே நின்றுவிட்டது. மை தெறித்ததல்ல, அது ஈ. என் ஈ. எடிட்டர் கனகசபாபதி பம்புசெட் கடைக்கு மேலே ஒரு நீண்ட அறையில் பத்திரிகை நடத்தினார், நான் அங்கே டிரேசர், சர்க்யூட் படங்களைப் பென்சிலில் கொடுப்பார்கள், நான் இந்தியன் இங்க் மையில் எடுத்துக் கொடுப்பேன், நாள் முழுக்க நெளிநெளியாக ரெசிஸ்டர், இரண்டு கோடு போட்டால் கண்டன்சர், என்ன செய்கிறது என்று தெரியாது, எப்படி இருக்கும் என்று மட்டும் தெரியும். ஒரு மாதம் ஒரு பக்கத்தின் மூலையில் இடம் மீந்தது. மிக்சியைப் பிரித்துப் போட்டுவிட்டு நிற்கும் புருஷன், கரண்டியோடு நிற்கும் பெண்டாட்டி, "சட்னி அரைக்காது, ஆனா சிலோன் ரேடியோ எடுக்கும்" என்று வரைந்து வைத்தேன். கனகசபாபதி பார்த்தார், சிரிக்கவில்லை, அவர் சிரிக்கிற ஆள் இல்லை, "மாசாமாசம் ஒண்ணு போடும்மா" என்றார். பெயர் போடலாமா என்றேன். "எலக்ட்ரானிக்ஸ் புஸ்தகத்துல பொம்பளப் பேரப் போட்டா, சமையல் குறிப்புன்னு நெனச்சுப் பக்கத்தத் திருப்பிப் போட்டுருவாங்கம்மா." கெட்டவர் இல்லை, அதைச் சொல்லிவிட்டு எனக்குக் காபி வரவழைத்தார். காபி டம்ளரின் விளிம்பில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது, கையால் விரட்டினேன், போய்விட்டுத் திரும்ப வந்தது, அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அடுத்த மாதத்துப் படத்தில் ஒரு ஓரத்தில் ஒரு ஈயை உட்கார வைத்தேன். யாரும் கேட்கவில்லை. அதிலிருந்து எல்லாப் படத்திலும் ஒரு ஈ, முதல் படத்துக்கும் சேர்த்து, ஏனென்றால் அதை ஆண்டு மலரில் திரும்பப் போட்டபோது மிக்சி மூடி மேல் ஒன்றை வைத்துவிட்டேன். ஆறு கால், இரண்டு இறக்கை, கண்கூட வைப்பேன். அச்சுக்கு பிளாக் செய்கிறவர் துத்தநாகத் தகட்டை அமிலத்தில் போடுவார், முடியளவு கோடெல்லாம் அதில் கரைந்துபோகும், கால் போச்சு, இறக்கை போச்சு, உடம்பு மட்டும் ஒரு புள்ளியாக அச்சில் வந்து நிற்கும். எனக்கு அது போதுமாக இருந்தது. எனக்கும் அமலிக்கும் தெரியும், புத்தகம் வந்ததும் அமலி விரல் வைத்துத் தேடுவாள், "இங்க இருக்குது!" என்று கத்துவாள். இப்போது சுவரில் எங்கும் இல்லை, எல்லாம் பளிச்சென்று இருக்கிறது, துடைத்த தட்டு மாதிரி, ஒன்றே ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று மேடைக்குப் பின்னால், எல்லாவற்றையும்விடப் பெரிதாக, நடுநாயகமாக மாட்டியிருக்கிறது. ஒரு ஆள் சாய்வு நாற்காலியில் தூங்குகிறான், மூக்கில் பெரிதாக மூன்று ஈ, பின்சுவர் முழுக்க ஒரு சர்க்யூட், மேலே 'மின்னணு ஈ விரட்டி', கீழே பெண்டாட்டியிடம் அவன் சொல்வது: "டிசைன் முடிஞ்சுதுடி. பார்ட்ஸ் மட்டும் வரட்டும், ஊர்ல ஒரு ஈ இருக்காது." சுவருக்கு சர்க்யூட் வேண்டுமே என்று அன்றைக்கு மேசையில் கிடந்ததிலிருந்து எடுத்தேன், ஒன்றின் தலை, இன்னொன்றின் வால், ஒரு ஸ்பீக்கர், கடைசியில் சுவரில் ஒரு பிளக், பிளக் வரைவது எனக்குப் பிடிக்கும். கோடும் கோடும் குறுக்கே போனால் அவை சேரவில்லை என்று அர்த்தம், சேர வேண்டுமென்றால் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும், அந்த உலகத்தில் எல்லோருக்கும் அது சட்டம், எனக்கும் தெரியும். தெரிந்தும், விரட்டி மேலேயே ஈ உட்கார்ந்தால்தானே சிரிப்பு என்று, இரண்டு கோடுகள் குறுக்கே போகும் இடத்தில் என் ஈயை வைத்தேன். கால் கரைந்தது. இறக்கை கரைந்தது. அடுத்த மாதம் கடிதங்கள் வந்தன. 'தங்கள் ஈ விரட்டி நன்றாக வேலை செய்கிறது. ஓயாமல் கத்துகிறது. ஈ மட்டும் போகவில்லை.' உடுமலையிலிருந்து ஒருவர்: 'ஈக்கள் முன்பைவிட அதிகமாக வருகின்றன. எந்தப் பாகத்தை மாற்றினால் இது எதிர்ப்பக்கமாக வேலை செய்யும்?' கனகசபாபதி அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "ஏம்மா, நீ வரைஞ்ச சுவத்த எவனோ கட்டிப்போட்டான்ம்மா." திருத்தம் போடலாமா என்றேன், என்னவென்று போடுவது, 'புள்ளி அல்ல, ஈ' என்றா. போடவில்லை. இனிமேல் சுவரில் காலண்டர் மாட்டு என்றார். காலண்டர் வரைந்தேன், பிப்ரவரியில் முப்பதாம் தேதி இருக்கிறதே என்று சேலத்திலிருந்து கடிதம் வந்தது. அதற்குத் திருத்தம் போட்டார். இப்போது இளங்கண்ணனின் கம்ப்யூட்டரும் அந்த ஒரு புள்ளியை மட்டும் விட்டுவைத்திருக்கிறது, சர்க்யூட் புள்ளி என்று. ஜன்னலுக்கு வெளியே சத்தம். ஜெனரேட்டரைச் சுற்றி ஹாலில் பாதிப் பேர் இறங்கிப் போய்விட்டார்கள் போல. "பிளக்கைக் கழட்டித் தொடைங்க." "அதெல்லாம் வேண்டாங்க, காயில் போயிருக்கும்." "காயில் போனா இப்படி இருக்காதுங்க, நான் பாத்திருக்கேன்." "பெட்ரோல் இருக்குதாங்க?" உடனே கேனைத் தேடி நாலு பேர் ஓடும் சத்தம். அமலி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். இவர்களை வைத்து இன்னும் பத்து வருஷத்துக்குப் படம் போடலாம். கை குறுகுறுக்கிறது, கைப்பையில் பேனா கிடக்கிறதா என்று துழாவுகிறேன், மூக்குக்கண்ணாடிக் கூடு, மாத்திரை, பஸ் டிக்கெட். முன்வரிசையில் சஃபாரி சட்டைக்காரர் ஒருவர் விசிறிக்கொண்டே பக்கத்து ஆளிடம் சொல்கிறார், "இதப் போட்டவரு ஏர்ஃபோர்ஸுங்க. அதான் பேரு போடல, வெளிய தெரியக்கூடாதில்ல." "உங்களுக்குத் தெரியுங்களா?" "தெரியாமெ என்ன? செத்துட்டாரு பாவம். எழவுக்கே போயிருந்தேன். நல்ல கூட்டம்." அமலி பாய்ந்து எழப் பார்க்கிறாள், தோளைப் பிடித்து உட்கார வைக்கிறேன். "உன் எழவுக்குப் போய்ட்டு வந்து உக்காந்திருக்கான்க்கா அந்தாளு!" இருக்கட்டும் விடு, கூட்டமாவது நல்ல கூட்டமாம்.

சொல்லிவிடலாம். அந்தப் புள்ளி ஈ என்று சொல்லிவிட்டால் போதும், வரைந்தவளைத் தவிர வேறு யாருக்கு அது தெரியும். ஆனால் அங்கேதான் இடிக்கிறது. மேடையில் நஞ்சுண்டன் உட்கார்ந்திருக்கிறார். மில்லில் வயரிங் பார்த்து ஓய்வு பெற்றவர் என்று அறிமுகப்படுத்தினார்கள், எழுபத்தைந்து இருக்கும், தும்பைப்பூ மாதிரிச் சட்டை, மடியில் ஒரு பிஸ்கட் டின்னைக் குழந்தை மாதிரி வைத்திருக்கிறார். டின்னுக்குள் இருப்பது அந்தப் படத்துச் சுவர். வாலிபத்தில் கட்டியவர், இன்றைக்கு எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டப் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். காலடியில் ரெக்சின் பை, அதற்குள் மின்துணைவன் இதழ்கள் பைண்டு பண்ணி, அதிலிருந்துதான் சுவரில் இருப்பதெல்லாம் எடுத்தார்கள். பேட்டரியில் ஓட்டலாமே என்று யாரோ கேட்டார்கள், "படத்துல பிளக்கு போட்டிருக்குதுங்க. படத்துல இருக்கறாப்லதான் ஓடோணும்" என்றார். பிளக் எனக்கு வரையப் பிடிக்கும் என்பதற்காக ஒரு மனிதர் கரண்ட்டுக்குக் காத்திருக்கிறார். இவரிடம் போய், ஐயா நீங்கள் இத்தனை வருஷமாக ஒட்டவைத்தது ஈயின் காலடி என்று எப்படிச் சொல்வது. சபை சிரிக்கும். என் பெயர் கிடைக்கும், அவர் முகம் போய்விடும். சொல்லாவிட்டால் நான் ஏர்ஃபோர்ஸில் செத்துப்போனவளாகவே இருந்துவிட வேண்டியதுதான். வேறு வழி, மற்றப் படங்களில் ஈ எங்கே இருந்தது என்று சொல்வது, அவர் பையில் புத்தகம் இருக்கிறது, பிரித்துப் பார்க்கட்டும். நினைவிருக்கிறதா? மிக்சி, மூடி மேல். ஏரியல் கம்பியில் பெண்டாட்டி துணி காயப்போட, "நியூஸ் ஈரமா வருதே" என்று புருஷன் ரேடியோவைத் தட்டும் படம், பனியன் தோளில். திருடன் வீட்டுக்காரனை எழுப்பி "அலாரத்துல ஒயரு மாறியிருக்குங்க, இப்படி இருந்தா அடிக்காது" என்று சொல்லும் படம், திருடனின் வழுக்கையில். டாக்டர் ரேடியோவுக்கு நாடி பார்க்கும் படம், மருந்துப் பாட்டில் கழுத்தில். ஒவ்வொன்றாக வருகிறது, கண்ணை மூடினால் தொட்டுத்தொட்டு வைத்த பேனா முனை தெரிகிறது. பெண் பார்க்கும் படம்? இடதுசுவரில் கடைசியில் இருக்கிறதே, அதில்? வரவில்லை. திரும்ப ஆரம்பிக்கிறேன், மூடி, பனியன், வழுக்கை, பாட்டில், பெண் பார்க்கும் படம். வரவில்லை. அந்தப் படம் போய் மறக்குமா. அது நடந்தது. என்னைப் பெண் பார்க்கத் திருப்பூரிலிருந்து வந்தார், ஸ்தனிஸ்லாஸ் என்று பெயர், கூடத்துக்குள் வந்தவர் நேரே ரேடியோவிடம் போய்ப் பின்பக்க அட்டையைக் கழற்றிவிட்டார், நான் காபித் தட்டோடு நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன், காபி ஆடை கட்டியது, அமலி கதவுக்குப் பின்னால் வாயில் தாவணியை அடைத்துக்கொண்டு குலுங்கினாள். "பொண்ணு புடிச்சிருக்குங்களா தம்பி?" என்று அப்பா கேட்டார். ரேடியோவுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே, "மத்ததெல்லாம் நல்ல கண்டிஷனுங்க, பேண்ட் சுவிட்ச் மட்டும் மாத்தினாப் போதும்." நானாக எழுதியதில்லை அந்த வசனம், அப்படியே போட்டேன். சம்பந்தம் அமையவில்லை, ரேடியோ மட்டும் அதற்குப் பிறகு நன்றாகப் பாடியது. எங்கே வைத்தேன் ஈயை? டம்ளரில் வைத்தேனா, ஆடை கட்டிய காபியில்? ரேடியோ முள்ளில்? அவர் காலரில்? அவர் காலரில் வைக்க ஆசைப்பட்டது ஞாபகம் இருக்கிறது, வைத்தது ஞாபகம் இல்லை. கழுத்தைத் திருப்பி அந்தப் படத்தைப் பார்க்கிறேன், தூரம், கண்ணாடியில் வியர்வை. ஒன்று தெரியாவிட்டாலும் எல்லாம் போச்சு, பாவம் வயசானவங்க, ஏதோ நினைச்சுக்கிட்டுப் பேசறாங்க என்று உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள், அந்தத் தண்ணீரை நினைத்தாலே... மூடி, பனியன், வழுக்கை, பாட்டில்.

மின்விசிறிகள் சுழல்கின்றன. ஜெனரேட்டர் இல்லை, கரண்ட்டே வந்துவிட்டது, கீழேயிருந்து "நாந்தான் சொன்னேன்ல!" என்று பல குரல்கள் ஒரே நேரத்தில் கேட்கின்றன, என்ன சொன்னார்கள் என்று தெரியவில்லை. எல்லோரும் படியேறி வருகிறார்கள், கிரீஸ் கையோடு. நஞ்சுண்டன் எழுந்து பிளக்கைச் செருகுகிறார், சுவிட்சில் விரலை வைத்துக் கண்ணை மூடித் திறக்கிறார், போடுகிறார். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை, டின்னை ஒரு தட்டு தட்டுகிறார், ஙொய்ய்ய் என்று ஹால் முழுக்க ஒரு சத்தம், காதுக்குப் பக்கத்தில் வந்து போகிற மாதிரி மெலிந்து தடித்து, ஐயோ, இது எனக்குத் தெரிந்த சத்தம். கைதட்டல் ஓயவே இல்லை. மைக் வந்ததை மறந்து அவர் சத்தம் போட்டுப் பேசுகிறார். "இந்தப் புள்ளிய எடுத்துப்போட்டும் பண்ணிப் பாத்தேனுங்க. செத்த பொணமாட்டக் கெடந்துச்சுங்க. புள்ளி வெச்சாத்தான் இதுக்கு உசுரு. எங்கிருந்து எடுத்து எங்க கோத்திருக்கறாரு பாருங்க! இந்தப் புள்ளிய வெச்ச மகராசன் எங்கிருந்தாலும் நல்லா இருக்கோணும்." சஃபாரி சட்டைக்காரர் துக்கமாகத் தலையசைத்து, "செத்துட்டாருங்க" என்கிறார். "சாகலைங்க" என்று ஒரு குரல் கேட்கிறது, என் குரல், நான் நின்றுகொண்டிருக்கிறேன், கைப்பை அமலி மடியில் இருக்கிறது, கால் நடக்கிறது, மேடையில் இரண்டு படி, இளங்கண்ணன் "அம்மா, பாத்து" என்று கை கொடுக்கிறான், அவன் சட்டைப் பையில் மார்க்கர் பேனா, எடுத்துக்கொள்கிறேன், கேட்கவில்லை. புள்ளி இங்கே என் உள்ளங்கை அகலம் இருக்கிறது. இந்தப் பக்கம் மூன்று கால், அந்தப் பக்கம் மூன்று. இரண்டு இறக்கை. கண்ணும் வைக்கிறேன். ஹாலில் அந்த ஙொய் மட்டும் கேட்கிறது. நஞ்சுண்டன் கிட்டே வந்து, கண்ணாடியைக் கழற்றி, போட்டு, மறுபடி கழற்றிப் பார்க்கிறார். "இது... ஈங்களா?" ஆமாங்க, என் கையெழுத்துங்க, பேரு போட விடலை, ஈ போட்டேன், கால் அச்சுல விழலை. "அப்ப நான் ஒட்டவெச்சது?" டின்னைப் பார்க்கிறார். ஈயைப் பார்க்கிறார். தாடை அசைகிறது, போச்சு, முகத்தைக் கெடுத்துவிட்டேன் என்று நினைக்கிறேன், அந்த மனிதர் சிரிக்கிறார், தோள் குலுங்க, சட்டை குலுங்க, டின் மேல் கையூன்றிக்கொண்டு, "ஏனுங்கம்மணி, அதான் இது ஈயாட்டக் கத்துதுங்களா? இத்தன வருசமா எம்பட பொண்டாட்டி கேட்டுட்டே இருக்கறா, ஈ வெரட்டி ஏன் ஈயாட்டக் கத்துதுன்னு!" ஹால் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிக்கிறது. இளங்கண்ணன் மட்டும் வெளுத்துப்போய் நிற்கிறான். "அம்மா, அப்ப மத்த படத்துல இருந்த புள்ளியெல்லாம்..." தம்பி, நீங்க தொடைச்சுப்போட்டீங்க. தலையில் கை வைத்துக்கொள்கிறான். சஃபாரி சட்டைக்காரர் விடவில்லை, "எங்கெங்க இருந்துச்சுன்னு சொல்லட்டுமே" என்கிறார், எழவுக்குப் போனவர் அல்லவா, லேசில் விடுவாரா. நஞ்சுண்டன் ரெக்சின் பையைத் திறந்து தடித்த புத்தகத்தை மடியில் பிரிக்கிறார். நான் மிக்சிக்குப் போகிறேன், மூடி மேல் ஒரு ஈ. "இருக்குதுங்க!" ஏரியல் கம்பி, பனியன் தோள். "இருக்குதுங்க!" திருடன் வழுக்கை. இந்த முறை அவர் சொல்லும் முன்பே நான்கைந்து பேர் அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இருக்குது!" மருந்துப் பாட்டில், இப்போது ஹாலே சொல்கிறது, திருவிழாவில் தேர் இழுக்கிற மாதிரி, மார்க்கர் மூடியைப் பல்லில் கவ்விக்கொண்டு சுவர் சுவராகப் போகிறேன், மூட்டு வலிக்கவில்லை, கை தானாக இறங்கி வைக்கிறது, இருக்குது, இருக்குது, இடதுசுவருக்கு வந்துவிட்டேன், கடைசிப் படம், பெண் பார்க்கும் படம், கை நின்றுவிட்டது. டம்ளர். இல்லை. ரேடியோ முள். இல்லை. காலர். பின்னால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது முதுகில் தெரிகிறது. சஃபாரி சட்டைக்காரர் செருமுகிறார். ரேடியோவுக்குள் தலையை விட்டிருக்கும் மாப்பிள்ளை, வாயைத் திறந்திருக்கும் அப்பா, தட்டோடு நிற்கும் பெண், அவளை யாரும் பார்க்கவில்லை, நான்கூட, இத்தனை நேரமும் அவளைத் தவிர எல்லாவற்றிலும் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன், குனிந்த முகம், வகிடு, நெற்றியில் வட்டமாக ஒரு பொட்டு. "அக்கா!" ஹாலின் அந்தக் கோடியிலிருந்து அமலி நாற்காலி மேல் ஏறி நின்று கத்துகிறாள், "நம்மம்மா உன்ன என்னைக்குப் பொட்டு வெக்க விட்டா?" பொட்டு என்று நினைத்து இதை யாரும் துடைக்கவில்லை. மார்க்கரைக் கொண்டுபோய் அவள் நெற்றியில் வைத்து, மெதுவாக, ஒவ்வொரு காலாக வரைகிறேன். நஞ்சுண்டன் புத்தகத்தை மூடிவிட்டு, "இருக்குதுங்க" என்கிறார்.